சும்மா இருப்பவர்கள்

1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட ஆசிரியர். திருமங்கலத்தில் அப்போது எங்கள் வீட்டுக்குத் திண்ணை இருந்தது. அதில் உட்கார்ந்து, படிவத்தைத் தொடைமேல் விரித்துவைத்துக்கொண்டு, அப்பாவின் பெயர், வயது, படிப்பு, உத்தியோகம் எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு கிணற்றடியிலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்ற அம்மாவைப் பார்த்து, "நீங்க என்னம்மா செய்றீங்க?" என்றார். அம்மாவுக்கு முழங்கைவரை சோப்பு நுரை. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். "நான் சும்மாத்தேன் இருக்கேன் சார்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அதற்கு உரிய எண்ணைக் கட்டத்தில் எழுதினார். அவர் படியிறங்குவதற்குள் கல்லில் துணி விழும் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஏழு பேர் இருந்த வீடு. அப்பா, அம்மா, அப்பத்தா, கல்யாணமாகாத சித்தப்பா, பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். முந்தின இரவே துணிகளைப் பிரித்து ஊறவைக்க வேண்டும். வெள்ளை தனி, சாயம் போவது தனி, அப்பத்தாவின் சேலை தனி, தீட்டுத் துணி யார் கண்ணிலும் படாமல் தனி. காலையில் 501 பார் சோப்பைத் தேய்த்து, கல்லில் கும்மி, மூன்று தண்ணீரில் அலசி, வேட்டிகளுக்குச் சொட்டு நீலம் விட்டு, சித்தப்பாவின் சட்டைகளை மட்டும் வடிகஞ்சியில் முக்கி, பிழிந்து, உதறி, கொடியில் போட வேண்டும். மேகம் கறுத்தால் ஓடிப் போய் எடுக்க வேண்டும். சாயங்காலம் மடித்து அவரவர் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இத்தனைக்கும் வேண்டிய தண்ணீர் வாளி வாளியாகக் கையால் இறைத்தது. இது துணியின் கணக்கு மட்டும்தான். அடுப்பின் கணக்கு, அப்பத்தாவின் மருந்துக் கணக்கு, எங்கள் பள்ளிக்கூடக் கணக்கெல்லாம் வேறு.

'சும்மா' என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள விரிவு வேறு எந்தச் சொல்லுக்காவது உண்டா என்று தெரியவில்லை. சைவ ஞானிகளுக்கு அது எல்லாத் தேடலும் அடங்கிய உச்ச நிலை. கடைக்காரருக்கு இலவசம். குழந்தைக்கு விளையாட்டு. என் அம்மாவுக்கு அது பதினாறு மணி நேர உழைப்பின் பெயர். அவள் தன்னடக்கத்தால் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த வேறு சொல் இல்லை. அவள் செய்ததை வேலை என்று அழைப்பதற்கு வீட்டிலும் வெளியிலும் யாரும் அவளுக்குப் பழக்கிக் கொடுக்கவில்லை.

விளம்பரங்களில் பெண் எப்படி மாறியிருக்கிறாள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருகிறது. காரணம் உண்டு. அரசாங்கம் அம்மாவுக்கு வேலை இல்லை என்று எழுதிக்கொண்டு போன அதே காலத்தில், அவள் செய்வது வேலை என்பதையும் அதில் எது கடினம், எங்கே முதுகு வலிக்கும், எந்தக் கறை போகாது என்பதையும் துல்லியமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு அவளிடம் பேசியவர்கள் சோப்பு விற்றவர்கள். சட்டைக் கழுத்தில் படியும் அழுக்கைப் பற்றி அவளிடம் விசாரித்த வேறு ஆள் இந்த உலகத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெண்ணியவாதிகள் விளம்பரத்தைக் கண்டித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டு வேலையின் உண்மையான கணக்கு அந்தத் தொழிலின் கையில்தான் முதலில் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவுக்கு முதல் டிவி எண்பதுகளின் கடைசியில் வந்தது. தூர்தர்ஷனின் இந்தியை மொழி புரியாமலே பார்த்தோம். அதில் வந்த சர்ஃப் சலவைத்தூள் விளம்பரத்து லலிதாஜியை மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. அகமதாபாத்தில் 1969இல் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா, மலிவு விலையால் சர்ஃபின் சந்தையைக் கரைத்துக்கொண்டிருந்த நேரம். அதற்கு எதிராக அலீக் பதம்ஸீ என்ற விளம்பரக்காரர் உருவாக்கிய பாத்திரம் அது. பைசா பைசாவாக எண்ணிப் பேரம் பேசும் தன் அம்மாவையே அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். மலிவானது வேறு, நல்லது வேறு என்று லலிதாஜி கேமராவை நேராகப் பார்த்துச் சொல்வாள். பக்கத்தில் கணவன் இல்லை. யாரிடமும் குழையவில்லை. வெட்கப்படவில்லை. கணக்குத் தெரிந்த, முடிவெடுக்கத் தெரிந்த ஒரு பெண். அம்மா அவளை ரசித்துப் பார்த்தாள். சர்ஃப் மட்டும் வாங்கவில்லை, கட்டுப்படியாகாது.

அந்தப் பாத்திரத்தில் நடித்த கவிதா சௌத்ரிதான் 1989இல் 'உடான்' தொடரை எழுதி, இயக்கி, அதில் ஐபிஎஸ் அதிகாரியாக நடித்தவர். அது அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையைத் தழுவியது. அந்த அக்கா பின்னாளில் உத்தராகண்டில் பதவியேற்றபோது, இந்தியாவில் ஒரு மாநிலத்தின் காவல்துறைத் தலைமை இயக்குநரான முதல் பெண் ஆனார். அந்தத் தொடரைப் பார்த்துக் காக்கிச் சட்டைக் கனவு கண்ட பெண்பிள்ளைகள் நாடு முழுவதும் இருந்தார்கள். எங்கள் தெருவிலும் ஒருத்தி இருந்தாள். ஒரே முகம், ஏறத்தாழ ஒரே காலம். விளம்பரத்துக்கு அந்த முகத்தின் கூர்மை தேவைப்பட்டது, ஆனால் அதைச் சோப்புத்தூள் வாங்கும் சாமர்த்தியத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்தக் கூர்மையால் வேறு என்னென்ன செய்ய முடியும் என்பதை அவரே எழுதி இயக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அவர் 2024இல் இறந்தபோது வந்த அஞ்சலிகள் பலவும் லலிதாஜியில்தான் தொடங்கின. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

பெண்ணின் விடுதலை உணர்வைப் பண்டத்தோடு சேர்த்துக் கட்டுவது நம் காலத்தின் கண்டுபிடிப்பு இல்லை. 1929ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளன்று நியூயார்க் ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலர் எல்லோர் முன்னிலையிலும் சிகரெட் பற்றவைத்தார்கள். அது சுதந்திரத்தின் தீப்பந்தம் என்று செய்தித்தாள்களில் பரவியது. அதை ஏற்பாடு செய்தவர் ஒரு சிகரெட் நிறுவனத்துக்காக வேலை பார்த்த எட்வர்ட் பெர்னேஸ். அதே 1929இல், அதற்கு ஆறு வாரம் முன்பு, செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். இரண்டு இடத்திலும் பேசப்பட்டது பெண் சுதந்திரம்தான். நியூயார்க்கில் கேட்டது அந்த வாரமே கிடைத்தது, கடைகளில் விலைக்கு. செங்கல்பட்டில் கேட்டது தமிழ்நாட்டுச் சட்டமாக வருவதற்கு 1989 வரை அறுபது வருடம் ஆனது. விடுதலை சீக்கிரம் கையில் கிடைக்கும்போதெல்லாம் இந்த அறுபது வருடத்தை நான் நினைத்துக்கொள்வேன்.

'கறை நல்லது' என்ற சலவைத்தூள் விளம்பர வாசகம் 2005வாக்கில் நம் வீடுகளுக்குள் வந்தது. சேற்றில் விழுந்து அழும் தங்கைக்காகச் சேற்றோடு சண்டை போடும் அண்ணன். குழந்தைகள் அழகு, அன்பு அழகு. அம்மாவும் கடைசியில் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு என்னை நெடுநாள் உறுத்தியது. என் அம்மா சேறு பூசிக்கொண்டு வந்த எங்களைப் பார்த்துக் கத்துவாள், முதுகில் ஒன்று வைப்பாள். "இதை யாரு தொவைக்கிறது, உங்கப்பனா?" என்பாள். தன் உழைப்பு அவ்வளவு மலிவில்லை என்று அவள் வாய்விட்டுச் சொன்ன இடம் அது ஒன்றுதான். ஆண்டு முழுவதும் சும்மா இருப்பதாகச் சொன்னவள், சேற்றைப் பார்த்த கணத்தில் மட்டும் தான் வேலை செய்பவள் என்பதைக் கோபமாகச் சொல்லிவிடுவாள். விளம்பரத்து அம்மாவுக்கு அந்தக் கோபமும் இல்லாமல் போனது.

பிறகு பெண்கள் பதவிகளில் வந்தார்கள், படத்திலும் நிஜத்திலும். 2014இல் ஏர்டெல் விளம்பரம் ஒன்று பெரிய விவாதமானது. அலுவலகத்தில் மேலதிகாரியான பெண், தனக்குக் கீழே இருக்கும் இளைஞரிடம் ஒரு வேலையை அன்றே முடிக்கும்படி கண்டிப்பாகச் சொல்கிறாள். மாலையில் அவள் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறாள். சமைத்ததை வீடியோ அழைப்பில் காட்டி, கணவனை வீட்டுக்கு வரச் சொல்கிறாள். கணவன் அந்த இளைஞர்தான். மனைவி மேலதிகாரியாக இருப்பதை இயல்பாகக் காட்டியதே முன்னேற்றம் என்றார்கள் சிலர். எவ்வளவு உயர்ந்தாலும் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்களே என்றார்கள் வேறு சிலர்.

அப்போது நான் ஒரு வங்கிக் கிளையில் மேலாளராகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த விளம்பரத்தில் எனக்குத் தெரிந்தது என்னுடைய ஒரு வாரம். பதவி உயர்வு உத்தரவு வந்த வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து வீட்டில் பலகாரம் செய்தேன். அதிரசம்கூடச் சுட்டேன். யாரும் கேட்கவில்லை. கணவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், மாமியாரும் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் வெளியே ஒரு படி ஏறினால் வீட்டுக்குள் ஒரு படி இறங்கிக் காட்ட வேண்டும் என்று எனக்குள் எதுவோ சொல்லியது. நான் மாறிவிடவில்லை என்பதற்கு அந்த அதிரசம் அத்தாட்சி. அந்த விளம்பரத்தை எடுத்தவர்கள் இந்த பயத்தை எங்கிருந்து கண்டுபிடித்தார்களோ, சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் பயம் என்று காட்டாமல் காதல் என்று காட்டியதுதான் என் வருத்தம்.

ஏரியல் சலவைத்தூளுக்காக, ஜோசி பால் தலைமையிலான பிபிடிஓ விளம்பர நிறுவனம் 2015இல் ஒரு கேள்வியை நாடெங்கும் கேட்டது: துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா? அடுத்த வருடம் வந்த படம்தான் எல்லோரையும் அழவைத்தது. வயதான அப்பா ஒருவர் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகள் ஆபீஸிலிருந்து திரும்பி, காதில் போனோடு, பிள்ளையைக் கவனித்து, டீ போட்டு, துணியைப் பொறுக்கி, சமைக்கிறாள். மருமகன் டிவி முன்னால் இருக்கிறார். அப்பா மகளுக்கு எழுதும் கடிதம் படத்தில் ஒலிக்கிறது. உன்னைச் சொப்பு வைத்து விளையாட விட்டேனே, இது உன் வேலை மட்டும் இல்லை என்று சொல்லவில்லையே, உன் அம்மாவுக்கு நானே கைகொடுக்கவில்லையே என்று மன்னிப்புக் கேட்கிறார். ஊருக்குப் போனதும் தன் துணியைத் தானே எடுத்து மெஷினில் போடுகிறார். அப்போது ஃபேஸ்புக்கின் உயர் அதிகாரியாக இருந்த ஷெரில் சாண்ட்பெர்க் அதை உலகத்துக்குப் பகிர்ந்தார். நானும் அழுதேன். அதைப் பொய்க் கண்ணீர் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஓர் அப்பா தன் மகளிடம் அந்த வாக்கியத்தைச் சொல்வதை நம் சினிமாவில்கூட அதிகம் கேட்டதில்லை.

என் அப்பாவுக்கு அந்தப் படத்தைப் போனில் காட்டினேன். எழுபதைத் தாண்டியிருந்தார். முழுக்கப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் தன் துண்டையும் பனியனையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் அம்மா அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அவருக்கு அலசத் தெரியலடி, சோப்பு அப்படியே நிக்குது" என்றாள். அப்பாவின் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அம்மாவின் முகத்திலும் வந்தது. அதைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வருடமாக அவளுக்கு இந்த வீட்டில் அதிகாரம் என்று ஒன்று இருந்தது அந்தக் குழாயடியில்தான். அங்கே அவள் சொன்னதுதான் சட்டம். வேறு எதையும் தராமல் அதை மட்டும் பங்குபோடக் கேட்டால் அவள் எப்படிச் சம்மதிப்பாள்?

மதிய இடைவேளையில் வங்கியில் பெண்கள் சேர்ந்து சாப்பிடும்போது கணவனைப் புகழும் வாக்கியம் ஒன்று உண்டு. "எங்க வீட்டுக்காரர் ரொம்ப ஹெல்ப் பண்ணுவாரு." நானும் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட. என் கணவர் மெஷின் போடுவார், காயப்போடுவார், பாத்திரம் தேய்ப்பார். ஆனால் ஹெல்ப் என்பது இன்னொருவர் வேலையில் செய்வது. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே வேலை யாருடையது என்பது முடிவாகிவிடுகிறது. அவர் மெஷின் போடுவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்: இன்றைக்குப் போடுங்கள், நாளைக்குத் தண்ணீர் வராது. அந்தச் சுடிதார் சாயம் போகும். பையனின் என்சிசி யூனிஃபார்ம் வெள்ளிக்கிழமைக்கு வேண்டும். பாக்கெட்டைப் பாருங்கள். தூள் இரண்டு முறைக்குத்தான் இருக்கிறது. மாமாவின் வேட்டியைத் தனியாகப் போடுங்கள், அவருக்குத் தோல் அரிப்பு. துவைப்பதை மெஷின் எடுத்துக்கொண்டது, போடுவதைக் கணவர் எடுத்துக்கொண்டார், இவ்வளவையும் மண்டைக்குள் அடுக்கிவைத்திருக்கும் வேலை இடம் மாறவே இல்லை. நான் அயலூர்க் கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்த இரண்டு வருடமும் தினமும் இரவு போனில் இந்தப் பட்டியலைத்தான் வாசித்தேன்.

ஒரு நிமிடப் படத்தில் பொத்தானை அழுத்தும் கையைக் காட்டலாம். தூள் தீரப்போகிறது என்று நினைவு வைத்திருக்கும் மனதை எப்படிக் காட்டுவது? விளம்பரத் தொழிலுக்கு அதைக் காட்டுவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தூள் தீரப்போவதைக் கவனிப்பவர்தான் கடையில் அதை வாங்குபவர். அவர் பெரும்பாலும் பெண். ஆண்கள் துவைப்பதைப் பற்றிய அந்தப் படங்கள் கடைசியில் அவளைத்தான் பார்த்துப் பேசுகின்றன. உன் பாரத்தைப் புரிந்துகொண்டவர்கள் நாங்கள் என்று அவளிடம் சொல்கின்றன. அவளும் அந்தப் புரிதலுக்கு நன்றியாக அந்தப் பொட்டலத்தைக் கூடையில் போடுகிறாள். பாரம் அவளோடுதான் வீட்டுக்குப் போகிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் இந்தியர்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நாடு முழுவதும் கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது சராசரியாக நாளுக்கு 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். பெண்களில் 81.2 விழுக்காட்டினர் இந்த வேலையில் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். ஆக அந்த 97 நிமிடமும் நான்கில் ஒரு ஆணுடையது. மற்ற மூவர் அன்றைக்கு ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை. 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அந்த நிமிடங்களை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது. இடையில் இருந்த ஐந்து வருடங்களில் தகப்பன்மார்க்கும் பிள்ளைகளுக்கும் புருஷன்மார்க்கும் என்று எத்தனை உருக்கமான படங்கள் வந்தன.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் அமெரிக்க வீடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கருவிகள் வந்தபின் இல்லத்தரசியின் நேரம் ஏன் குறையவில்லை என்பது அதன் கேள்வி. வெளியே கொடுத்துச் செய்த வேலை வீட்டுக்குள் வந்தது, சுத்தம் என்பதன் அளவுகோலும் உயர்ந்தது என்பது அவர் கண்ட விடை. அதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கொடி நினைவுக்கு வந்தது. அப்பா ஒரு சட்டையை இரண்டு நாள் போடுவார். என் மகன் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

ஆனால் வெளியே கொடுப்பது என்பது இந்த ஊரில் வேறு விஷயம். அப்பத்தா காலத்தில் ஊர்த் துணியை எடுத்துப் போக வண்ணார் வீட்டுப் பெண் கொல்லைப்புறமாக வருவார். முன்வாசல் வழியாக வர அனுமதி இல்லை. தீட்டுத் துணியும் பிள்ளை பெற்ற துணியும் சாவு வீட்டுத் துணியும் அவர் தலையில்தான் போகும். கூலி, ராத்திரி வீடு வீடாக வந்து வாங்கிக்கொள்ளும் சோறு. ஒடுக்கப்பட்டவர்களின் துணியை வெளுப்பதற்கென்று அவர்களுக்கும் கீழே புதிரை வண்ணார் என்று ஒரு சாதியை வைத்திருந்த நாடு இது. அழுக்கு யாருடையது என்ற கேள்விக்கு இங்கே புருஷன் பெண்டாட்டி என்று மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. பாரத்தைப் பகிர்வோம் என்று ஒரு தம்பதியைக் காட்டும் படத்துக்கு வெளியே, பாரத்தைக் காலகாலமாக வேறு பெண்களின் தலையில் ஏற்றிவிட்ட வரலாறு நிற்கிறது. இன்றும் ஏரியல் வாங்கும் வீடுகள் பலவற்றில் பகிர்வு நடந்துவிட்டது. கணவனோடு நடக்கவில்லை. காலை ஒன்பது மணிக்குச் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரும் பெண்ணோடு நடந்திருக்கிறது. நான் மேலாளரானது அப்படித்தான். சமத்துவம் பேசும் விளம்பரங்களில் அவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நீதிமன்றங்கள் விளம்பரங்களைவிட மெதுவாகப் போனாலும் ஆழமாகப் போயிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2009இல், விபத்தில் தாயை இழந்த ஒரு சிறுமியின் இழப்பீட்டு வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பை எப்படி மதிப்பிடுவது என்று நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் விரிவாக எழுதினார். வீட்டுப் பெண்களின் மனதை எழுதிய ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். அந்த இரண்டு காரியமும் ஒரே மனதிலிருந்து வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்பவர்களோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்து, பொருளீட்டாதவர்கள் என்று வகைப்படுத்தியதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் திண்ணையில் ஆசிரியர் எழுதிய எண் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரிந்தது அப்போதுதான். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வெளிநாட்டில் கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்புக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா எழுதியிருக்காக?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அதே வருடம் செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாய் அந்த உழைப்புக்கு எந்த விதத்திலும் ஈடாகாது. ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள் என்று என்னோடு வேலை பார்த்தவர்களே சொன்னார்கள். ஆனால் வங்கிக் கவுன்ட்டரின் மறுபக்கத்தில் நின்று அந்தப் பெண்களைப் பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். "என் காசு ஏறிருச்சா?" என்று கேட்டார்கள். கவர்மென்ட் காசு என்று யாரும் கேட்கவில்லை. ஹெல்ப் என்ற சொல்லை இருபது வருடம் புழங்கிய எனக்கு அந்த 'என்' புதிதாகக் கேட்டது.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அந்தப் பணம் வருகிறது. மதுரையில் செல்லூர்ப் பக்கம் இருக்கிறார். மூன்று வீட்டில் வேலை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் இரண்டு பேரும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். மகன் கல்லூரி விடுதியிலிருந்து ஒரு பை நிறைய அழுக்குத் துணியோடு வந்திருந்தான், கீழே தூங்கிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில், உன் வீட்டுத் துணியை எப்போது துவைப்பாய் என்று கேட்டேன். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், அவர் வீட்டுக்குப் போகும்போது நின்றுபோயிருக்கும், அதனால் எட்டாவது படிக்கும் மகள்தான் பள்ளிக்கூடம் போகுமுன் குடத்தில் பிடித்துவைத்துத் துவைத்துவிடுவாள் என்றார். "கெட்டிக்காரிக்கா. கழுத்தெல்லாம் நல்லாத் தேய்ப்பா."

அவளுக்கு மூத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும்.

"பையன் என்ன செய்வான் அந்நேரம்?"

"அவென் சும்மாத்தேன்க்கா இருப்பான்" என்றார், என் மகனுடைய சட்டையை உதறிக் கொடியில் போட்டபடி.